டி டிரைவில் நட்ட எல்லைக்கல்

லியுஷுய் நில அலுவலகத்தில் ஒரு கணினியின் வயிற்றுக்குள் எல்லைக்கல் நட்டார்கள். நட்ட சில வாரங்களில் அந்தச் சின்ன ஊர் தைவான் தீவைவிட மூன்றரை மடங்கு பெரிதாகிவிட்டது. இதையெல்லாம் நீங்கள் நம்பிவிடுவீர்கள். அரசு அலுவலகத்தில் கால் வைத்தவர்கள் எதையும் நம்பும் பக்குவத்துக்கு வந்துவிடுகிறார்கள். நம்ப முடியாதது இனிமேல்தான் வருகிறது. விசாரணைக்கு வந்த அதிகாரி, “இதைச் செய்தது யார்?” என்று கேட்டபோது, அங்கே வேலை பார்க்கும் ஒருவர், யாரும் காட்டிக்கொடுக்காமல், யாரும் மிரட்டாமல், தானாக எழுந்து நின்று “நான்தான்” என்றார்.

சிரிப்பதை நிறுத்திவிட்டு முதலிலிருந்து கேளுங்கள்.

ஹுவாங் பி-சியாவுக்கு ஐம்பத்துமூன்று வயது. மூன்றாம் ஜன்னலில் பதினேழு வருடமாக ஒப்பந்தப் பணியாளர். ஒவ்வொரு டிசம்பரிலும் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்கள். ஆகவே ஒவ்வொரு நவம்பரிலும் அவள் விடுப்பே எடுக்க மாட்டாள். தொலைபேசி அடித்தால் முதலில் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் யார் பேசுவது என்று கேட்பாள். அவள் வேலை, பழைய நில வரைபடங்களை நகல் எடுத்துத் தருவது. ஊரில் உள்ள நாற்பத்தோராயிரம் வரைபடங்களும் அவள் காலடியில் இருந்த ஒரு சாம்பல் நிறக் கணினிப் பெட்டிக்குள், டி டிரைவில் இருந்தன. அங்கே மட்டும்தான் இருந்தன. ஆறு வருடங்களுக்கு முன்பு அடித்த புயலில் கீழ்த்தளத்துக்குள் சேறு புகுந்து, காகித மூலங்கள் கூழாகிவிட்டன. அந்தக் கூழை முறைப்படி பட்டியலிட்டு, முறைப்படி எரித்து, எரித்ததற்கு முறைப்படி சான்றிதழும் வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு பிரதி எடுத்து வைக்கலாமே என்று கேட்கத் தோன்றும். வெளிச் சாதனம் எதையும் அலுவலகக் கணினியில் செருகக் கூடாது என்று பாதுகாப்பு ஆணை. ஆணையை யாரும் மீறிவிடாமல் இருக்கப் பெட்டியிலுள்ள துளைகளில் பசை ஊற்றி அடைத்திருந்தார்கள். ஆக, அந்தப் பெட்டி போனால் லியுஷுயில் எவருடைய தேயிலைத் தோட்டம் எங்கே முடிகிறது, எவருடைய பாக்குத் தோப்பு எங்கே தொடங்குகிறது என்று கடவுளுக்கும் தெரியாது. ஊரே மண்வெட்டியோடு வரும். வந்து மூன்றாம் ஜன்னலில் நிற்கும்.

ஜூலை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, சி டிரைவ் நிரம்பிவிட்டதாகத் திரையில் சிவப்புப் பட்டை வந்தது. ஒரு நகல் எடுக்க இருபது நிமிடம் ஆயிற்று. ஜன்னலுக்கு வெளியே ஒன்பது பேர் நின்றார்கள். பி-சியா தைச்சுங் நகரத்திலிருந்த பராமரிப்புக் கம்பெனிக்குப் போன் செய்தாள். எடுத்தது பொறியாளர் கோ ஷு-திங். இருபது வருட அனுபவம், எதற்கும் அசராத குரல்.

“அக்கா, சி நிரம்பிடுச்சு, அவ்வளவுதான். டில முந்நூறு ஜிபிக்கு மேல சும்மா கிடக்கு பாருங்க. நடுவுல இருக்கற கோட்டை நகர்த்தி, டிலேர்ந்து நூத்தியிருபதை எடுத்து இந்தப் பக்கம் குடுத்துட்டா முடிஞ்சுது. ரெண்டு மணி நேரம் ஆகும். ஒரே ஒரு விஷயம்…”

‘ஒரே ஒரு விஷயம்’ என்று தொடங்கிய எதுவும் பி-சியாவின் வாழ்க்கையில் நன்றாக முடிந்ததில்லை.

“கோடு நகர்றப்போ டில உள்ளதை எல்லாம் ஒவ்வொண்ணா தூக்கி வேற இடத்துல வைக்கும். பாதியில கரண்ட் போச்சுன்னா, எது எங்க இருக்குன்னு அதுக்கே மறந்துடும்.”

“மறந்துட்டா?”

“மறந்துட்டா ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லன்னா… பயப்பட ஒண்ணுமில்லையா, உள்ள ஒண்ணுமில்லையா?”

“ரெண்டாவது சொன்னீங்க பாருங்க, அது.”

பி-சியா போனை வைத்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, தலைமை அலுவலர் ஃபாங்கிடம் போய் விஷயத்தைச் சொன்னாள். அவள் செய்த ஒரே பிழை, ‘எல்லை’ என்ற சொல்லைப் பயன்படுத்தியது. ஃபாங்கின் கண்கள் பளிச்சிட்டன. அரை மணி நேரத்தில் எல்லாப் பிரிவுத் தலைவர்களும் கூட்ட அறையில் இருந்தார்கள்.

“கம்ப்யூட்டரைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது,” என்று ஆரம்பித்தார் ஃபாங். “அதை நான் பெருமையாவே சொல்றேன். தெரிஞ்சிருந்தா என்னை முடிவெடுக்கச் சொல்லியிருப்பாங்க. ஆனா எல்லையைப் பத்தி எனக்குத் தெரியும். நம்ம கூரைக்குக் கீழ ஒரு எல்லை நகருதுன்னா, அது நம்ம விதிப்படிதான் நகரணும். விண்ணப்பம், பக்கத்து உரிமையாளரோட சம்மதம், முப்பது நாள் பொது அறிவிப்பு, அளவை, எல்லைக்கல். ஊரான் நிலத்துக்கெல்லாம் இதைக் கேக்கறோம். நம்ம நிலம்னா விட்டுடுவோமா? எழுபது வருஷமா இந்த அலுவலகத்துல ஒரு எல்லைத் தப்பு நடந்ததில்ல. ஏன்னா, நாம எதையுமே நடக்க விட்டதில்ல!”

எல்லோரும் கை தட்டினார்கள். பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்ததால் பி-சியாவும் தட்டினாள்.

விண்ணப்பதாரர் யார்? கணினிக்கு முன் உட்காருபவர். பக்கத்து உரிமையாளர் யார்? டி டிரைவ் நில அளவைப் பிரிவின் பொறுப்பு என்று பெட்டியின் மேல் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. ஆகவே, அளவைப் பிரிவுத் தலைவர் செங் வென்-பின். அவர் ஒரு கையில் பால் தேநீர்க் கோப்பையும் இன்னொரு கையில் எதுவும் இல்லாமலும் நாள் முழுவதும் நடப்பவர். பி-சியா சம்மதப் படிவத்தை நீட்டியதும் கோப்பையைக் கீழே வைத்தார். அதை அவர் கீழே வைத்து யாரும் பார்த்ததில்லை.

“எதுக்குத் தரணும்?”

“அண்ணே, அதுல முந்நூறு ஜிபி காலியா இருக்கு…”

“காலியா இருந்தா? உன் வீட்டுல ஒரு அறை காலியா இருந்தா நான் வந்து படுத்துக்கலாமா?”

“இல்லண்ணே.”

“எதிர்காலத்துக்கு வச்சிருக்கேன். பிரிவு வளரும். வளர்றப்போ எங்க போய் நிப்பேன், உன் ஜன்னல்லயா?”

அந்தப் பிரிவில் நான்கு பேர் இருந்தார்கள். நான்கு பேருக்கும் இரண்டு வருடத்தில் ஓய்வு. டி டிரைவில் வரைபடங்களைத் தவிர இருந்தவை, பிரிவின் வெந்நீர் ஊற்றுச் சுற்றுலாப் புகைப்படங்கள், வருடவாரியாக.

விவகாரம் ஊர்ச் சமரசக் குழுவுக்குப் போனது. குழுவில் இருந்த மூன்று பெரியவர்களும் இதற்குமுன் மாமியார் மருமகள் வழக்குகளையும், கோழி திருட்டையும், ஒரு ஸ்கூட்டர் எருமை மேல் மோதியதையும் தீர்த்து வைத்தவர்கள். இரு தரப்புக்கும் தேநீர் ஊற்றினார்கள். “பக்கத்துப் பக்கத்துல இருக்கீங்க, நாளைக்கும் முகத்தைப் பாக்கணும்,” என்றார்கள். மூன்றாவது அமர்வில் செங் இறங்கி வந்தார். நூற்றிருபது ஜிபிக்கு ஈடாக, அலுவலகக் குளிர்பெட்டியின் மேல்தட்டு முழுவதும் அளவைப் பிரிவுக்கு, நிரந்தரமாக. ஒப்பந்தத்தில் எல்லோரும் முத்திரை குத்தினார்கள். பி-சியாவின் சாப்பாட்டுப் பெட்டி அன்றிலிருந்து வெளியே வெயிலில் இருந்தது.

பிறகு முப்பது நாள் அறிவிப்பு. கணினித் திரையின் மீதே ஒட்டினார்கள். நிலத்தில் ஒட்டுவதுதான் விதி. மீதமிருந்த விரலகலத் திரையில் எட்டிப் பார்த்து பி-சியா வேலை செய்தாள். ஒரே ஒரு ஆட்சேபணை வந்தது. இஞ்சி பயிரிடும் ஒருவர், டி டிரைவ் எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டாலும் நிலம் சும்மா கொடுக்கப்படுமானால் தனக்கும் கொஞ்சம் வேண்டும் என்று எழுதியிருந்தார். அதை விசாரித்துத் தள்ளுபடி செய்ய இன்னொரு வாரம்.

அதற்குள், இறந்தவர்களின் ஆவிகள் பூமியில் உலவுவதாக நம்பும் ஆவி மாதம் பிறந்துவிட்டது. ஃபாங் பஞ்சாங்கத்தைப் புரட்டினார். மண்ணைத் தொடக் கூடாது, எல்லை நகர்த்தக் கூடாது, வீடு மாறக் கூடாது. “டில உள்ளதெல்லாம் வேற இடத்துக்குப் போகும்னு பொறியாளரே சொல்லியிருக்காங்க. நாற்பத்தோராயிரம் வீடு மாறுது. இந்த மாசத்துலயா? வேண்டவே வேண்டாம்.” வாசலில் மேஜை போட்டு, பழங்களும் வறுத்த கோழியும் பிஸ்கட்டும் அடுக்கி, ஊதுவத்தி கொளுத்தி, அலையும் ஆவிகளுக்குப் படைத்தார்கள். ஃபாங் நீண்ட உரை ஆற்றினார். ஆவிகள் பொறுமையாக இருந்திருக்க வேண்டும். எந்தச் சத்தமும் இல்லை.

இந்த நாட்களெல்லாம் பி-சியா எப்படி ஓட்டினாள் என்பதுதான் அவள் யாரிடமும் சொல்லாத இரகசியம். தினமும் காலையில் சி டிரைவில் எதையாவது அழித்தால்தான் அன்றைக்கு நகல் வரும். முதலில் குப்பைத்தொட்டியைக் காலி செய்தாள். பிறகு அலங்காரப் படங்கள், பிறகு சீட்டு விளையாட்டு. பிறகு ஒன்றும் கிடைக்காமல், கண்ணை மூடிக்கொண்டு, தலைமை அலுவலர் ஃபாங்கின் புத்தாண்டு உரைகள் நான்கையும் அழித்தாள். அதில்தான் நிறைய இடம் கிடைத்தது. அன்றிலிருந்து ஃபாங் அவள் பக்கம் வரும்போதெல்லாம் அவள் திரையை மறைத்தாற்போல் நகர்ந்து உட்கார்ந்தாள். “என்ன பி-சியா, வேர்க்குது?” “வெயில் ஐயா.” “ஏசி ஓடுதே?” “ஏசி வெயில் ஐயா.”

ஆவி மாதம் கழிந்ததும் அளவையாளர்கள் வந்தார்கள். முக்காலி, கருவி, நாடா, சிவப்புத் தலை வைத்த பிளாஸ்டிக் எல்லைக்கற்கள். செங் தாமே தலைமை தாங்கினார். கருவியை மூன்றாம் ஜன்னலுக்கு எதிரே நிறுத்திக் கணினியைக் குறி வைத்தார்கள். ஒருவர் அளவுக்கோலைப் பெட்டியின் பக்கத்தில் பிடித்தார். “இடது… இன்னும் இடது… நிறுத்து!” கடைசியில் கல்லை எங்கே நடுவது என்று கேள்வி வந்தது. மேலே வைத்தால் அது பெட்டியின் எல்லை. டிரைவின் எல்லை ஆகாது. ஆகவே பெட்டியின் பக்க மூடியைத் திருகிக் கழற்றி, ஹார்டு டிஸ்க்கின் முதுகில், நீளத்தை அளந்து, உரிய விகிதத்தில், இருபக்கப் பசைநாடா போட்டுச் சிவப்புத் தலைக் கல்லை நட்டார்கள். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். உள்ளே காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. கல் ஆடவில்லை.

“எவ்வளவு நேரா நிக்குது பாருங்க,” என்றார் செங். குரல் தழுதழுத்தது.

குறித்த நாளில் காலை பத்து மணிக்குப் பொறியாளர் கோ ஷு-திங் வந்து இறங்கினாள். மூடியைத் திறந்தாள். கல்லைப் பார்த்தாள். மூடியை மூடினாள். இருபது வருட அனுபவத்தில் எதைக் கேட்கக் கூடாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. பையிலிருந்து பச்சை உறை போட்ட தேங்காய்ச் சுவைச் சோளப்பொரிப் பொட்டலம் ஒன்றை எடுத்து, காலாவதித் தேதியை இரண்டு முறை சரிபார்த்து, பெட்டியின் மேல் நிமிர்த்தி வைத்து, இரண்டு கைகளையும் கூப்பினாள். அதுவரை அசராமல் இருந்த அவள் முகத்தில் அப்போதுதான் பயபக்தி தெரிந்தது.

“இது இருக்கற வரைக்கும் மெஷின் அடங்கி நடக்கும். பச்சைதான் இருக்கணும். யாரும் தொடக் கூடாது, யாரும் தின்னக் கூடாது. சரியா?”

இதில் மட்டும் எவருக்கும் சந்தேகம் இல்லை. நாட்டில் உள்ள எல்லாக் கணினி அறைகளிலும் இதுதான் வழக்கம்.

“கடைசியா ஒண்ணு,” என்றாள் கோ. “யாராவது இந்த இடத்துல மவுஸை அழுத்தணும். அழுத்திட்டா நிறுத்த முடியாது. எங்க கம்பெனி ஒப்பந்தப்படி நான் அழுத்தக் கூடாது.”

எல்லோரும் மவுஸிலிருந்து ஓரடி பின்வாங்கினார்கள். ஃபாங் படிவத்தை எடுத்தார். பொதுப் பிரிவுத் தலைவர் ‘பார்த்தேன்’ என்ற இடத்தில் முத்திரை குத்தியிருந்தார். பணியாளர் பிரிவு, ‘அறிந்தேன்’. கணக்குப் பிரிவு, ‘கேள்விப்பட்டேன்’. செங், ‘எதிர்க்கவில்லை’. ஃபாங், ‘மேற்கண்டவர்களின் கருத்தைக் கண்டேன்’. கடைசியில் ஒரு கட்டம் வெறுமையாக இருந்தது: ‘அழுத்துபவர். விளைவுகள் அனைத்தும் இவரையே சேரும்.’

ஐந்து தலைகளும் மெதுவாக பி-சியா பக்கம் திரும்பின. அவள் கண் முன்னே மண்வெட்டிகள் வந்தன.

“ஒப்பந்த ஊழியர் அரசு எல்லையில கை வைக்க முடியாது,” என்று பணியாளர் பிரிவுத் தலைவர் விதிநூலைப் பார்த்து, மிகுந்த வருத்தத்தோடு சொன்னார். “தனியா முடியாது.”

“தனியா முடியாதுன்னா சேர்ந்து முடியும்!” என்றார் ஃபாங். அவருடைய வாழ்க்கையின் உச்சகட்ட நொடி அதுதான். “எல்லாரும் கை வைப்போம். மேல ஒரு துணியைப் போட்டு மூடிடுவோம். யார் விரல் அழுத்துச்சுன்னு யாருக்கும் தெரியாது. பொறுப்பு எல்லாருக்கும் சமமாப் பிரியும். ஆறா வகுத்தா ஒவ்வொருத்தருக்கும் ஏறக்குறைய ஒண்ணுமே வராது. இதுக்குப் பேருதான் நிர்வாகம்.”

பெயர்ப்பலகை திறப்பு விழாவுக்கு வைத்திருந்த சிவப்புத் துணியைக் கொண்டுவந்தார்கள். கோ அலறினாள்: “சிவப்பு வேண்டாம்! உள்ள நிக்கற கல்லோட சிவப்பே போதும்! சிவப்பு மெஷின் பக்கமே வரக் கூடாது!” பிறகு யாருடையதோ பச்சை மழைக்கோட்டைக் கொண்டுவந்தார்கள்.

அடியில் பி-சியாவின் கை. அதன்மேல் செங். அதன்மேல் மூன்று பிரிவுத் தலைவர்கள். எல்லாவற்றுக்கும் மேல் ஃபாங். மழைக்கோட்டுப் போர்த்தினார்கள்.

“ஒண்ணு, ரெண்டு, மூணு,” என்றார் ஃபாங்.

ஒன்றும் நடக்கவில்லை.

“நான் மூணுன்னு சொன்னேன்.”

“கேட்டுது ஐயா,” என்றார்கள் எல்லோரும்.

மறுபடி எண்ணினார். மறுபடி. ஐந்து நிமிடம் ஆயிற்று. பத்து நிமிடம் ஆயிற்று. கைகளில் வியர்வை ஊறி ஒன்றோடொன்று ஒட்டியது. செங்கின் மோதிரம் பி-சியாவின் விரலில் பதிந்தது. அவளுக்கு ஒரு விசித்திரம் புலப்பட்டது: ஐந்து கைகள் மேலே இருந்தும் பாரமே இல்லை. காகிதத்தட்டு வைத்தது போல இருந்தது. எல்லோரும் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இப்படியே டிசம்பர் வரை நிற்பார்கள் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே இன்றைக்குப் பதினான்கு பேர். நாளைக்கு அழிக்க சி டிரைவில் எதுவும் மிச்சமில்லை. இனிமேல் ஒரு மூச்சு விட்டாலும் அழுதுவிடுவோம் என்ற நிலையில், அவள் ஆள்காட்டி விரலை ஒரு நெல் கனத்துக்கு அமுக்கினாள்.

கிளிக்.

“யாரோ அழுத்திட்டாங்க!” என்று ஃபாங் கூவினார். கையை உதறினார். எல்லோரும் உதறினார்கள். “பிரமாதம்! யார்னு தெரியல, பாத்தீங்களா?”

திரை கறுத்தது. பிறகு ஒரு வெள்ளைச் சதவீத எண் வந்தது. ஒன்று. வெகுநேரம் கழித்து இரண்டு.

எல்லோரும் நாற்காலி போட்டு உட்கார்ந்து எண்ணையே பார்த்தார்கள். முப்பத்தேழில் பொதுப் பிரிவுத் தலைவர் தண்ணீர் குடிக்கப் போனார், திரும்பவில்லை. ஐம்பதில் மேலே விளக்கு ஒரு முறை கண் சிமிட்டியது. பி-சியா தரையில் உட்கார்ந்து கணினியின் மின்கம்பி சுவரில் நுழையும் பிளக் செருகிக்குப் பக்கத்தில் கையை வைத்துக்கொண்டாள். அறுபத்தொன்றில் அந்தச் சத்தம் கேட்டது.

கருக்.

மிக மெல்லிய சத்தம்தான். கோ ஷு-திங் முதலில் திரும்பினாள். அவள் முகம் வெளிறிப்போனது. பிரிவுத் தலைவர் செங், பதற்றத்தில் என்ன செய்கிறோம் என்று தெரியாமல், பச்சைப் பொட்டலத்தைக் கிழித்து, வாயில் போட்டு, மென்றுகொண்டிருந்தார்.

“அண்ணே,” என்றாள் கோ, மூச்சே இல்லாத குரலில், “என்னண்ணே செஞ்சுட்டீங்க?”

செங் கையைப் பார்த்தார். கையில் இரண்டு பொரிகள் மீதம் இருந்தன. அவற்றை மெதுவாக, மிக மெதுவாக, பொட்டலத்துக்குள் திருப்பிப் போட்டார்.

அந்த நொடியில் அறையிலிருந்த எல்லாக் கைப்பேசிகளும் ஒரே குரலில் ஊளையிட்டன. நிலநடுக்க எச்சரிக்கை. தரை ஒருமுறை பக்கவாட்டில் இழுத்தது. பிறகு கட்டடம் முழுவதும் சட்டிக்குள் போட்டுக் குலுக்கியதுபோல் ஆடியது. அலமாரிக் கதவுகள் திறந்து கோப்புகள் குதித்தன. ஃபாங் தாம் எழுதிய பேரிடர்க் கையேட்டில் சொன்னபடி எல்லோருக்கும் முன்னால் மேஜைக்கடியில் போய், அங்கிருந்து, “யாரும் பதற வேண்டாம், இது எந்தப் பிரிவோட பொறுப்புன்னு அப்புறம் பாத்துக்கலாம்!” என்று உரையாற்றினார். செங் அவர் மேல் விழுந்தார்.

பி-சியா ஓடவில்லை. தைரியம் என்று நினைத்துவிடாதீர்கள், கால் வரவில்லை. செருகி சுவரிலிருந்து ஒரு விரல்நுனி அளவு வெளியே வந்துவிட்டதைப் பார்த்தாள். இரண்டு உள்ளங்கைகளாலும் அதைச் சுவரோடு அழுத்தி, நெற்றியையும் அழுத்தி, தனக்குத் தெரிந்த தெய்வங்கள் எல்லாவற்றையும் பெயர் சொல்லி அழைத்தாள். கடல் தாய், நிலத் தெய்வம், பிறகு போன வருடம் ஒரே முறை போன கோயிலின் பெயர் தெரியாத சாமி. விளக்கு அணைவதுபோல் கண் சிமிட்டியது. மறுபடி போவது போல மங்கி, நினைத்துப் பார்த்து, திரும்ப வந்தது. முதுகில் ஏதோ கனமான கோப்பு விழுந்தது. அவள் கையை எடுக்கவில்லை.

ஆட்டம் நின்றது. திரையில் அறுபத்திரண்டு.

அறுபத்திரண்டிலிருந்து நூறு வரை பி-சியா சுவரை விட்டு நகரவில்லை. நூறு வந்ததும் கோ குனிந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தாள். “அக்கா, முடிஞ்சுது. எல்லா வரைபடமும் இருக்கு. எழுந்திரிங்க.” பி-சியா எழுந்திருக்க முயன்று, முடியாமல், உட்கார்ந்தபடியே ஒன்பது பேருக்கு நகல் எடுத்துக் கொடுத்தாள். ஐந்து பேர் நிலநடுக்கத்தில் வீட்டுக்கு ஓடியிருந்தார்கள்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் எல்லை நகர்ந்தால் மாவட்டத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். மாவட்டத்தின் அட்டவணையில் அளவு என்ற கட்டத்தில் சதுர மீட்டர் மட்டும்தான் ஏற்கும். ஜிபியை அது துப்பியது. செங் மூன்று நாள் முயன்று, கோவிடம் போனில் கேட்டு, நூற்றிருபது ஜிபியில் பைட் எனப்படும் துணுக்குகள் மொத்தம் எத்தனை உண்டோ அந்த எண்ணை அப்படியே போட்டார்: பன்னிரண்டாயிரத்து எண்ணூற்று எண்பத்துநான்கு கோடியே சொச்சம். அட்டவணை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டது. மறுநாள் மாவட்டத்தின் கணக்குப்படி லியுஷுய் ஊர் தைவான் தீவைப்போல் மூன்றரை மடங்கு ஆனது. கடலுக்குள் எந்தப் பக்கம் நீள்கிறது என்று கேட்டு மீன்வளத் துறை கடிதம் எழுதியது.

நவம்பரில் விசாரணை அதிகாரி ஷியே வந்தார். மெலிந்த ஆள். முப்பத்தோரு வருடம் விசாரணை. புன்னகை என்றால் என்னவென்று ஒரு பழைய கோப்பில் படித்திருக்கக்கூடும். எல்லோரையும் வரிசையாக உட்கார வைத்தார்.

“எண்ணைத் திருத்திடலாம், அது பெரிசில்ல. எனக்கு வேண்டியது ஒண்ணுதான். அழுத்தினது யார்? தெரிஞ்சா, அந்த ஆள் மேல நடவடிக்கை. தெரியலைன்னா, இந்த நகர்த்தலே செல்லாது. கோட்டைப் பழைய இடத்துக்கே நகர்த்தணும்.”

“நகர்த்திடலாம் ஐயா,” என்றார் ஃபாங் உடனே. “மழைக்கோட்டு இருக்கு.”

ஷியே ஒவ்வொருவராகக் கேட்டார். கேள்விப்பட்டவர், கேள்விப்பட்டதோடு சரி என்றார். எதிர்க்காதவர், எதிர்க்கவில்லை என்றார். பி-சியாவின் முறை கடைசி. இன்னும் இருபது நாளில் ஒப்பந்தம் புதுப்பிக்கும் தேதி. ‘தெரியாது ஐயா’ என்று சொன்னால் போதும், யாருக்கும் தெரியாது. அவளுக்குச் சுவர் நினைவுக்கு வந்தது. செருகி விரல்நுனி அளவு வெளியே நின்றது நினைவுக்கு வந்தது. மறுபடி ஒன்று, மறுபடி இரண்டு, மறுபடி அறுபத்தொன்று. இந்த முறை விளக்கு போயேவிட்டால்?

நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

“நான்தான் ஐயா அழுத்தினேன்.”

ஷியே பேனாவை மூடினார். “உட்காரும்மா. யாரைக் காப்பாத்தறே?”

“யாரையும் இல்லைங்க. நான்தான்.”

“முப்பத்தோரு வருஷமா கேக்கறேன். பாலம் இடிஞ்சிருக்கு, கேட்டிருக்கேன். பள்ளிக்கூடத்தையே காணோம், கேட்டிருக்கேன். ஒருத்தர்கூட இந்த வார்த்தையைச் சொன்னதில்ல. அரசாங்கக் கட்டடத்துக்குள்ள அது நடக்காது. துணிக்கடியில ஆறு கை. உன் கைதான்னு உனக்கு எப்படித் தெரியும்?”

“பாரமே இல்லைங்க ஐயா,” என்றாள் பி-சியா. “எல்லாரும் கையைத் தூக்கியே வச்சிருந்தாங்க.”

“அபாண்டம்!” என்றார் ஃபாங். “நான் முழுப் பலத்தையும் குடுத்தேன்!”

“நானும்!” “நானும்தான்!” என்று குரல்கள் எழுந்தன. சொல்லிய பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்து எல்லோரும் ஒருசேர வாயை மூடினார்கள்.

ஷியே மழைக்கோட்டைக் கேட்டார். அன்றைக்கு நின்றது போலவே ஆறு பேரையும் மவுஸைச் சுற்றி நிறுத்தினார். அடியில் பி-சியா, உச்சியில் ஃபாங். மழைக்கோட்டைப் போர்த்தினார். “திரையில அதே கேள்வி வரப்போவுது. மூணு எண்ணுவேன். இந்தத் தடவை அழுத்தறவர் பேரு என் அறிக்கையில இருக்கும்,” என்று சொல்லிவிட்டு, அணைத்து வைத்திருந்த திரையைப் பார்த்து மெதுவாக எண்ணினார்.

“ஒண்ணு. ரெண்டு.”

மூன்று என்பதற்குள் மழைக்கோட்டின் நடுவில் ஒரு மேடு எழும்பியது. அது வளர்ந்தது. ஷியே அதன் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினார். ஐந்து கைகள் ஒன்றையொன்று தொடாமல் காற்றில் மிதந்துகொண்டிருந்தன, ஏதோ ஆசீர்வாதம் செய்வதுபோல. கீழே ஒரே ஒரு கை மவுஸின் மேல். அதன் ஆள்காட்டி விரல் அழுத்தியபடி இருந்தது.

ஷியே மேஜைக்குத் திரும்பிப் படிவத்தைத் திறந்தார். ‘மறுத்தார்.’ ‘நினைவில்லை என்றார்.’ ‘விடுப்பில் இருந்தார்.’ ‘மாற்றலாகிப் போனார்.’ ‘இறந்துவிட்டார்.’ தாளைத் திருப்பினார். பின்பக்கத்திலும் தேடினார்.

“ஒத்துக்கிட்டாங்கன்னு எழுத இதுல கட்டமே இல்ல,” என்றார். “கட்டம் இல்லாம நடவடிக்கை எடுக்க முடியாது. அழுத்தினது யார்னு தெரிஞ்சுபோச்சு, அதனால கோட்டையும் நகர்த்த முடியாது. நீ ஜன்னலுக்குப் போம்மா, ஆளுங்க நிக்கறாங்க.”

பி-சியாவுக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும் இரண்டு முறை மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனாள்.

ஷியே படிவத்தின் ஓரத்தில், கட்டங்களுக்கெல்லாம் வெளியே, தம் கையால் ஒரு வரி எழுதினார். எழுதியதைப் படித்துப் பார்த்தார். அதைக் கோடிட்டு அடித்துவிடப் போனவர் அடிக்கவில்லை. ஃபாங் எட்டிப் பார்த்து, “ஐயா, இதை மேல நம்புவாங்களா?” என்று கேட்டார்.

“நம்ப மாட்டாங்க,” என்றார் ஷியே. “நேத்து வரைக்கும் நானே நம்பியிருக்க மாட்டேன்.” மூன்றாம் ஜன்னல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். “ஆனா நடந்திருக்கு.”